கடல் தினம் இரண்டு முறை போய்வரும் ஊர்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் போனது லண்டன் இல்லை. எங்கள் தெருவில் எத்தனை பேரிடம் சொல்லியாகிவிட்டது! "லண்டன் அத்தை" என்று பெயர் வைத்தவர்கள் வைத்ததுதான். லண்டனில் இறங்கி, ரயிலேறி, மூன்று மணி நேரம் போனால் வரும் கடற்கரை ஊர் அது. என் மகள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். அவளோடும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரோடும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திண்டுக்கல் திரும்பினேன்.

திரும்பி ஒரு வருடமாகிறது. அந்த ஊர் எப்படி இருந்தது என்று இதுவரை ஒருவர் கேட்டதில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கதை. அதையும் என்னிடம் கேட்பதில்லை, என் தம்பியிடம் கேட்கிறார்கள். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடித்துக் காட்டுவான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். போய்ப் பார்த்தவள் நானா, அவனா? ஐந்தாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும் என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஊரில் கடலுக்குள் நீட்டி ஓர் இரும்புப் பாலம் கட்டியிருக்கிறார்கள். அதற்கு அக்கரை கிடையாது. கொஞ்ச தூரம் போய்க் கடலுக்கு நடுவிலேயே நின்றுவிடும். "இது எங்கடி போகுது?" என்று மகளிடம் கேட்டேன். "எங்கயும் போகாதும்மா. நடந்து போயிட்டு திரும்பி வரணும், அம்புட்டுத்தான்" என்றாள். கரை ஓரமாகப் பெட்டி பெட்டியாக மரக் குடில்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வர்ணம். நான் பெட்டிக்கடை என்று நினைத்தேன். கடையில்லை. உள்ளே இரண்டு நாற்காலியும் ஓர் அடுப்பும்தான். வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு கடலைப் பார்ப்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். மணலில் கழுதைகள் வரிசையாக நிற்கும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்வரும். ஒவ்வொரு கழுதைக்கும் நெற்றிப்பட்டையில் பெயர் எழுதியிருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அவற்றுக்கு லீவு. என் மகளுக்கும் அப்படித்தான்.

ஊரின் கதையை ஒரு பலகையில் எழுதி நிறுத்தியிருந்தார்கள். மகள் வாசித்து வாசித்துச் சொன்னாள். முதலில் அங்கே மீன்பிடிக்கிறவர்களின் வீடுகள் மட்டும்தான் இருந்தனவாம். பிறகு வைத்தியர்கள், கடல்தண்ணீரில் முங்கினால் நோய் போகும், அதைக் குடித்தால் இன்னும் நல்லது என்று சொல்லிவிட்டார்களாம். பணக்காரர்கள் வந்து குவிந்தார்கள். பொம்பளைகள் குளிப்பதற்குச் சக்கரம் வைத்த மரக்கூண்டு. குதிரை அதைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தும். உள்ளேயே உடை மாற்றி, அந்தப் பக்கம் இறங்கி, ஒருவர் கண்ணிலும் படாமல் முங்கி எழலாம். வேளாங்கண்ணியில் நனைந்த சேலையோடு அத்தனை ஆண்களுக்கு நடுவே கரையேறியவள் நான். அந்தக் கூண்டைக் கண்டுபிடித்தவர்களை மனதுக்குள் வாழ்த்தினேன்.

அப்புறம் ரயில் வந்தது. மில் வேலைக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து தங்கினார்கள். அப்புறம் விமானம் வந்தது. அதே ஜனங்கள் வெயில் தேடி வேறு தேசத்துக் கடற்கரைகளுக்குப் போய்விட்டார்கள். வெயிலைத் தேடிப் போகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள்! ஆள் வராத ஹோட்டல்கள் முதியோர் இல்லங்களாயின. அதில் ஒன்றில்தான் என் மகளுக்கு வேலை.

இதில் ஒரு வரியாவது என் தம்பி சொல்லியிருப்பானா?

அவன் சொல்லும் கதைக்கு வருகிறேன். அங்கே போன இரண்டாவது வாரம்தான் மகள் என்னை முதன்முதலாகக் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். முதல் நாள் சாயங்காலம் அலை கரைச் சுவரில் மோதித் தெறித்ததை என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் மத்தியானம் போனால் கடலைக் காணோம். எங்கள் திண்டுக்கல் மலைக்கோட்டை மேலே நின்று பார்த்தால் தெரிகிற காய்ந்த காடு மாதிரி, கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் ஈர மணல். படகுகள் சாய்ந்து கிடக்கின்றன. பாலத்தின் கால்கள் வெளியே தெரிகின்றன. பிள்ளைகள் வாளியைத் தூக்கிக்கொண்டு கடல் இருந்த இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். மகள் டீ வாங்கப் போயிருந்தாள்.

எனக்கு எதிர்வீட்டு மதினி ஞாபகம் வந்தது. சுனாமி வந்த வருடம், கிறிஸ்துமஸுக்கு எங்கள் தெருவிலிருந்து வேன் பிடித்து வேளாங்கண்ணிக்குப் போனவர்களில் மதினி மட்டும் உயிரோடு திரும்பவில்லை. தேடிப் போய் லாரியில் கொண்டுவந்தவன் என் தம்பி. அவன் வந்து சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "கடல் உள்வாங்குச்சாம்க்கா. எல்லாரும் வேடிக்கை பாக்கப் போயிருக்காக. மதினி சிப்பி பொறுக்கப் போயிருக்கு."

கரைப் படியில் நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. "ஓடியாங்க! மேல ஏறுங்க! கடல் உள்வாங்கிருச்சு!" என்று கத்தினேன். யாருக்குப் புரியும்? பக்கத்தில் போன ஒரு சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினேன். பிள்ளை அழுதது. அதன் தாய் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். பின்னாலேயே என் மகள், கையில் டீயோடு.

"யம்மா, என்ன செய்ற நீயி? அந்தப் பிள்ளை கைய விடு. மானம் போகுது!"

"கடலப் பாருடி!"

"அது தெனமும் ரெண்டு தரம் போகும், ரெண்டு தரம் வரும். இந்த ஊர்க் கடல் அப்படித்தான். நீ வா மொதல்ல."

நம் பக்கத்துக் கடல் இரண்டு முழம் ஏறும், இறங்கும். ஒரு மைல் தூரம் போய்விட்டுத் திரும்பிவருகிற கடலை நான் எங்கே கண்டேன்?

அப்போது ஒரு பெரியவர் வந்தார். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். கடலில் மாட்டிக்கொண்டவர்களைப் படகில் போய் மீட்கிறவராம். நான் என்ன கத்தினேன் என்று மகளிடம் கேட்டார். அவள் கூச்சத்தோடு சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். எங்களைப் படகுக்கொட்டகைக்குக் கூட்டிப்போய் ஒரு பலகையைக் காட்டினார். பழைய காலத்திலிருந்து அந்தக் கடலில் உயிர் போனவர்களின் பெயர்கள். திரும்பி வரும்போது தண்ணீர் நேரே வராதாம். மணல்மேட்டுக்குப் பின்பக்கமாகச் சுற்றிவந்து வழியை மறித்துவிடுமாம். "நானும் தெனம் இதையேதான் கத்துறேன், என் பேச்சையும் யாரும் கேக்குறதில்ல" என்று சொன்னதாக மகள் சொன்னாள். கடல் எத்தனை மணிக்குப் போகும், எத்தனை மணிக்கு வரும் என்று வருடம் முழுவதுக்கும் அச்சடித்த ஒரு சின்னப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே மகள் வீடியோவில் மாமனைக் கூப்பிட்டாள். நான் ஓடியதைச் சொன்னாள். அந்தப் பெரியவரைச் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு அவள்மேல் இன்னும் இருக்கிறது.

அன்றைக்கு ஒரு பிள்ளையை இழுத்தேன். தம்பி வாயில் அது பத்துப் பிள்ளையானது. பிறகு கழுதைகளும் சேர்ந்துகொண்டன. கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே போனாலும் இதே கூத்து. நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

போன மாதம் தம்பி பேரன் கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்கினான்; அதற்குப் புதுநன்மை விருந்து. நத்தத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். பிரியாணிப் பந்தி. தம்பி துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஆரம்பித்தான்.

"எங்கக்கா சேலையத் தூக்கிச் செருகுச்சு பாருங்க. 'ஓடியா, ஓடியா'ன்னு கழுதையக் கூட விடல, அதுகளையும் படியேத்திருச்சு!"

நத்தத்துச் சம்பந்தி சாப்பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தார். "ஏன் சம்பந்தியம்மா, வெள்ளக்காரன் ஊரு சுனாமி ஒங்களக் கண்டதும் பயந்து திரும்பிப் போயிருச்சாக்கும்?"

பந்தியில் தயிர் வெங்காயம் பரிமாறிக்கொண்டிருந்தவள் எதிர்வீட்டு மதினியின் மகள். கரண்டி வாளியிலேயே நின்றுவிட்டது. அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

"ஏலே, நிறுத்து" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "மதினிய லாரியில கொண்டாந்தது யாரு? நீதானே? வந்து என்கிட்ட என்ன சொன்ன? கடல் உள்வாங்குச்சுன்னு சொன்னியா இல்லையா? அன்னைக்கு அங்கன ஒருத்தி கத்தியிருந்தா இந்தப் பிள்ளைக்கு இன்னைக்குத் தாய் இருந்திருப்பா. நான் கத்துனேன். அது ஒனக்கு நாடகமா?"

தம்பி தலையிலிருந்த துண்டை எடுத்தான். அந்தப் பெண் அவனுடைய இலைக்கு வந்து குனிந்து, "வெங்காயம் வைக்கவா மாமா?" என்று கேட்டாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். வைத்த வெங்காயத்தைத் தொடாமலே இலையை மடித்துவிட்டு எழுந்தான். நானும் எழுந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை. "யக்கா, அந்தப் படகுக்காரரு ஒரு பொஸ்தகம் குடுத்தாருன்னு ஒம் மக சொன்னா. இருக்கா?" என்றான். மகளிடம் போனில் கேட்டிருக்கிறான்.

ரேஷன் கார்டோடு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அன்றைய தேதியைத் தேடி, எண்களின் மேல் விரலை வைத்து வாசித்தான். அவன் முகம் மாறியது.

"பதினோரு மணிக்குத் திரும்புதுன்னு போட்டிருக்கு. இன்னைக்கு ஞாயித்துக்கெழம, அவளுக்கு லீவு. பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு மணல்ல தூரமாப் போயிருவாளே? போனப் போடுக்கா, போகாதன்னு சொல்லு."

"அது போன வருசத்துப் பொஸ்தகம்லே."

"அப்ப இந்த வருசத்தது?"

"எனக்கென்ன தெரியும்? அவகிட்டத்தான் கேக்கணும்."

அவன் போனைக் கையில் எடுத்துவிட்டான். அங்கே இன்னும் விடிந்திருக்காது என்று சொன்னேன். சொல்லியும் கேட்காமல் மகளுக்கு அடித்துக்கொண்டிருந்தான்.