பொன்னாடையை வெட்டியவர்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஏகாம்பரம் இறந்த செய்தியோடு அவர் மகன் ஐயம்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து வாசலில் நின்றபோது நான் கேட்ட முதல் கேள்வி, "என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்லீங்க. தண்ணி கேட்டாரு. அவ்ளோதான்."

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும்: தறியில் தீர்ந்துபோன பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாக முடிந்து சேர்ப்பது அவர் தொழில். ஆயுசு முழுக்க முடிச்சுப் போட்ட அந்த மனிதர் ஒரே ஒரு தடவை பட்டுத் துணியை வெட்டினார். அதனால்தான் என் நகைச்சுவைக் கட்டுரைகளை நீங்கள் இன்னும் சகித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரு விழாவில் எனக்குப் பட்டில் பொன்னாடை போர்த்தினார்கள். வீடு ஐந்து நிமிட நடை. நானோ அதைக் கழற்றாமல் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி, நெசவாளர் தெருக்களையெல்லாம் சுற்றிக்கொண்டு போகச் சொன்னேன். ஊர் பார்க்க வேண்டாமா? மூன்றாவது தெருவில் ஆடையின் தொங்கல் சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கியது. ஊர் பார்த்தது.

பிறகு எனக்கு நினைவில்லை. அவர் சொல்லித்தான் தெரியும். ஓடி வந்தவர்கள் அத்தனை பேரும் நெசவாளிகள். பட்டில் கத்தி வைக்க ஒருவருக்கும் கை வரவில்லை. சக்கரத்தைப் பின்னால் உருட்டி, ஆடையை முழுசாக மீட்கப் பார்த்தார்களாம். ஏகாம்பரம் உள்ளே புகுந்து, கழுத்துக்கும் துணிக்கும் நடுவே விரலை நுழைத்து, ஒரே வெட்டு. "துணிய நாளைக்கு நெய்யலாம்பா. இந்தக் கழுத்த எவன் நெய்வான்?"

நெசவாளர் சங்கத்தில் நடந்த முதலுதவி வகுப்புக்கு டிபனுக்காகப் போனவர் அவர். என்னைத் தரையில் கிடத்தி, சட்டைப் பித்தானைத் தளர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஊதினார். யாரோ சோடா உடைத்து வந்தார்கள். "மூச்சே போகாத எடத்துல சோடாவ ஊத்துவியா? தள்ளு." நான் காலையில் தின்றிருந்த வெங்காய வடையைப் பற்றி அவர் கடைசிவரை புகார் சொன்னார்.

கண் விழித்ததும் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். விடவில்லை. "வெளிய நல்லாத்தான் இருக்கும்பா. உள்ள வீங்கினா அடைச்சிக்கும்." ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் யார் என்று கேட்டார்கள். எனக்கு யாருமில்லை. "அண்ணன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நான் கண்ணை மூடினால் போதும், மூக்கடியில் விரல் வரும்.

"உயிரோடதான்யா இருக்கேன்."

"தெரியுது. இருந்தாலும் பாத்துக்கினு இருக்கேன்."

அன்றிலிருந்து அவரை அண்ணன் என்றேன். உடம்புக்கு வந்தால் அவரிடம் ஓடினேன், அவர் திட்டினால் தலையைக் குனிந்துகொண்டேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த விரல்தான். இப்போதெல்லாம் மதியம் படுத்தால் என் மூக்கடியில் நானே விரல் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்று தபாலில் கருமாதிப் பத்திரிகை வந்தது. அதில் வயது போட்டிருந்தார்கள். என்னைவிட நான்கு வயது சின்னவர்.