அடுப்புப் பரணில் சிவந்த படம்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி, அதற்கு மேல் மறதி வேறு. முன்னதைப் பின்னதாகச் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் புது ஃபிலிம் டப்பியின் மூடியைத் திறந்ததும் வரும் வாசனை மட்டும் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது, புது ரப்பர் செருப்பை முகர்ந்தது போல.

கலர் ஃபிலிமை, அது வரும் பெட்டியின் நிறத்தை வைத்து, நாங்கள் "மஞ்சப் பொட்டி" என்போம். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் கேமரா வைத்திருந்தவர் லோரி ஓட்டிய முனியாண்டி மாமா ஒருவர்தான். ஒரு ரோலை லயத்து வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு வீட்டில் காதுகுத்து, இன்னொரு வீட்டில் பிறந்த பிள்ளை, மிச்சமிருப்பது கோயில் திருவிழாவுக்கு. ரோல் முழுதும் முடிந்தால்தான் மலைக்குக் கீழே ஈப்போ டவுனுக்குப் போய்க் கழுவி வரும். அதுவரை யார் முகம் எப்படி விழுந்தது என்று எவருக்கும் தெரியாது.

ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் பங்கு அக்கா சரோஜாவுக்கு. வேறொரு தேயிலைத் தோட்டத்திலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்திருந்தது. முன்பு பார்த்துப் போன இரண்டு வீட்டார் "பொண்ணு நெறம் கம்மி" என்று சொல்லியனுப்பிவிட்டதால், இவர்கள் கலர் போட்டோ கேட்டதும் அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். கறுப்பு வெள்ளையில் எல்லாருமே சாம்பல் நிறம். கலரில் ஒளிய முடியாதே. பனி விலகிய ஒரு காலையில் அக்காவைத் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நிறுத்தி மாமா எடுத்தார். அக்கா சிரிக்கவில்லை.

ரோல் முடிந்த நேரம் பார்த்து அடைமழை. கீழே போகும் ரோட்டில் மண் சரிந்து லோரி இறங்கவில்லை. எங்கள் அப்பா தோட்டத்து ஃபேக்டரியில் தேயிலை உலர்த்தும் மெஷினில் வேலை செய்தவர். "சூடு காட்டாததெல்லாம் பூசணம் பூத்துப் போயிரும்" என்பது அவர் வேதவாக்கு. தீப்பெட்டி, உப்பு, ரேடியோ பேட்டரி எல்லாம் எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலிருந்த பரணில்தான் வாழும். மாமாவிடமிருந்து ரோலை வாங்கி வந்து அதையும் அங்கேயே வைத்துவிட்டார். ரோடு திறக்கும்வரை அது விறகுச் சூட்டில் வெந்துகொண்டிருந்தது.

படம் கழுவி வந்தது. அக்கா செக்கச்செவேலென்று இருந்தாள்! அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாத்தியா, சூடு காட்டுனதுக்குப் பலன்" என்றார் அப்பா. அக்கா மட்டும் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது, பெண் பார்க்க வருகிறோம் என்று சேதியும் வந்தது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது, நேரில் பார்ப்பார்களே என்று. மூன்றாவது வீடும் திரும்பிப் போனால் லயத்தில் தலைநிமிர முடியாது.

"பவுடர அள்ளிப் பூசுடி" என்று அவர்கள் வந்த அன்று அம்மா கெஞ்சினாள்.

"கட்டிக்கிட்ட பொறகு மூஞ்சி கழுவ வேணாமாம்மா?" என்று கேட்டுவிட்டு, அக்கா வெறும் முகத்தோடு தேத்தண்ணித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். அக்கா தட்டை வைத்தாள், மாப்பிள்ளையின் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "அத்த, படத்துல இருக்கற செவப்பு நான் இல்ல. நான் இப்படித்தான்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மாள் பையிலிருந்து படத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினார்.

"ஏண்ணே, நானும் கொழுந்து எடுக்கறவதான் லா. செவப்பா தேயிலை முளைக்கற தோட்டம் எங்கண்ணே இருக்கு? செடியே செவந்து கெடக்கு, பொண்ணு செவக்காம இருப்பாளா?"

வீடே சிரித்தது. அம்மாவுக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை. "அப்ப தெரிஞ்சேவா வந்தீங்க?" என்றாள்.

"தெரிஞ்சுதான் வந்தோம். படத்துல புள்ள சிரிக்கவே இல்ல. இஷ்டமில்லையோன்னு நேர்ல ஒரு வார்த்த கேட்டுப் போலாம்னு எம் மவன் சொன்னான்."

அக்கா அப்போதுதான் சிரித்தாள். நான் அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதேன். ஏன் அழுதேனென்று அன்று தெரியவில்லை. நிம்மதிக்கும் அழுகை வரும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்த மஞ்சப் பொட்டி வகை இப்போது வருவதில்லை என்கிறார்கள். எங்கள் மலை ஊரான பிரிஞ்சாங்கில் ஃபிலிம் விற்ற கடையில் இன்று கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். பழைய கேமராவோடு மலைக்கு வரும் பிள்ளைகள், "அந்த கலரு இப்ப கெடைக்காது ஆண்ட்டி" என்று ஏங்குகிறார்கள். எனக்கு அந்த ஏக்கமில்லை. இப்போதெல்லாம் கைப்பேசியில் எடுத்தவுடன் பார்க்கிறார்கள், பிடிக்காவிட்டால் அழிக்கிறார்கள். ஒரு பெண்ணின் கல்யாணம் இருட்டு டப்பிக்குள் கிடந்து மழை விடக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த மஞ்சப் பொட்டி போனதில் எனக்கு நிம்மதிதான்.

ஃபிலிம் சூட்டில்தான் சிவந்ததா, கழுவிய மருந்தில் ஏதும் கோளாறா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விஷயம் தெரிந்த யாராவது சரிபார்த்துச் சொன்னால் நல்லது. அக்காவிடம் மட்டும் கேட்காதீர்கள். அவள் இப்போது பேரப்பிள்ளைகளிடம் அந்தப் படத்தைக் காட்டி, இளவயசில் தான் அந்த நிறத்தில்தான் இருந்ததாகச் சாதிக்கிறாள்.