எர்ணாவூர் கம்பெனிக்கு லைன் கொடுத்த நாள்

பிள்ளைகளே, தெரியாமல் நான் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றி உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எர்ணாவூரில் ரொம்ப நாளாக மூடிக் கிடந்த ஒரு கம்பெனிக்கு எங்கள் டெலிபோன் ஆபீஸிலிருந்து என்னை அனுப்பினார்கள். அங்கே டெலிபோன் சுவிட்சில் முப்பது ட்ரங்க் லைன்களுக்கு உயிர் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் வெளியிலிருந்து முப்பது பேர் ஒரே நேரத்தில் கூப்பிடலாம். வாசலில் அங்கே வேலை பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா நைனா, லைன் குடுக்க வந்துகீறியே, கம்பெனி தொறக்கப் போறாங்களா?" என்றார் ஒருவர்.

"பின்ன? மூடின கம்பெனிக்கு யாராவது முப்பது லைன் கேப்பாங்களா?" என்றேன்.

அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்து, "கேட்டுக்கினியா மாமு? வூட்ல யூனிபாரம் கீதா, எலி துன்னுடுச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

உள்ளே போய் லைன்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். எல்லா விளக்கும் பச்சையானது. உடனே போன் அடித்தது. சோதித்துப் பார்க்க எங்கள் ஆபீஸ்தான் கூப்பிடுகிறது என்று நினைத்து எடுத்தேன்.

"மிஷினெல்லாம் என்னிக்கு சார் ஏலம்? பேப்பர்ல இந்த நம்பர்தான் போட்டுகீது."

அதை வைப்பதற்குள் அடுத்தது அடித்தது. அவரும் பழைய இரும்பு வாங்குகிறவர்தான்.

வாசலுக்குப் போய் அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். முடியவில்லை. உள்ளே நிறுத்தியிருந்த பைக்கோடு பின்கேட் வழியாக வெளியே வந்து, சத்தம் கேட்டுவிடாமல் அதை மெயின் ரோடு வரை தள்ளிக்கொண்டே போனேன்.