அக்காவுக்கு எந்த வரிசை?

“தினமும் சண்டை போடுற ஒருத்திய எந்த வரிசையில வைக்கிறது?” கண்ணை மூடி உட்கார்ந்திருந்த பெரியம்மா திடீரென்று கேட்டார். அந்த ஒருத்தி யார் என்பது அவர் வீட்டில் தங்கியிருந்த எனக்குத் தெரியும்: அவர் மகள், என் அக்கா. பக்கத்து அறையில் அவள் ஓட்டிக்கொண்டிருந்த ஹேர் டிரையர் சட்டென்று நின்றது.

இணைய இணைப்புத் தரும் நிறுவனம் ஒன்றில் பெரியம்மாவுக்குப் புகார் கேட்கிற வேலை. நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களிடம் ஏச்சு வாங்க வேண்டும். ஒருமுறை ஒருவர் மூச்சுவிடாமல் திட்டியபோது, “தண்ணி குடிச்சிட்டு வாங்க சார், நான் லைன்லயே இருக்கேன்” என்றாராம். அந்த ஆளும் நிஜமாகவே தண்ணீர் குடித்துவிட்டு வந்தாராம்.

இந்தப் பொறுமை, பௌத்தத் துறவி ஒருவரின் தியான வகுப்பில் கற்றது. காலையில் ஒரு துண்டை மடித்துத் தரையில் போட்டு உட்காருவார். முதலில் தனக்கு, அடுத்து பிரியமானவருக்கு, அப்புறம் பழக்கமே இல்லாத யாரோ ஒருவருக்கு, கடைசியில் ஆகாதவருக்கு என்று வரிசையாக ஒவ்வொருவரையும் நினைத்து, “நல்லா இருக்கணும், பயமில்லாம இருக்கணும்” என்று முணுமுணுப்பார். எதிர் ஜன்னலில் துணி காயப்போடுகிறவருக்கு மூன்றாம் இடம். நான்காம் இடத்தில் ஆபீஸ் சூப்பர்வைசர் நிரந்தரமாகக் குடியிருந்தார்.

மகளுக்கு இரண்டாம் இடம். ஆனால் தன் முறை வரும்போதுதான் அக்கா கதவை அறைந்து சாத்துவாள். “சத்தம் போடாம தொலையேன்டி, உனக்குத்தான் வேண்டிக்கிட்டிருக்கேன்” என்று பெரியம்மா கத்துவார்.

“கண்டவனுக்கெல்லாம் தண்ணி குடிங்க சார். எனக்கு மட்டும் தொலையேன்டியா?” என்பாள் அக்கா. அது நியாயம் என்று பெரியம்மாவுக்கும் தெரியும்.

பிறகு அக்காவுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. டிக்கெட் எடுத்த பிறகுதான் வீட்டில் சொன்னாள். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. உப்பு வேண்டுமென்றால்கூட என் வழியாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். இப்படியே போய்விடுவாளோ என்று பயந்தேன்.

கிளம்புகிற காலையிலும் பெரியம்மா துண்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா பெட்டியோடு மல்லுக்கட்டினாள். ஜிப் மூடவில்லை. முழங்காலால் அழுத்தினாள், பெட்டி நழுவித் தடாலென்று விழுந்தது. திட்டு வரும் என்று காத்திருந்தேன். அக்காவும் காத்திருந்தாள். வரவில்லை.

“நான் இப்ப எந்த வரிசைம்மா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

பெரியம்மா எழுந்தார். துண்டை உதறிப் பெட்டிமேல் விரித்தார். அதன்மேல் ஏறிச் சம்மணம் போட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

“இப்ப இழு.”

அக்கா பெட்டியைச் சுற்றி வந்து ஜிப்பை இழுத்தாள். மூடிக்கொண்டது. மூடிய பிறகும் பெரியம்மா இறங்காமல், “நல்லா இருக்கணும், பயமில்லாம இருக்கணும்” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அக்காவும் இறங்கச் சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரிந்த வீட்டில் யாராவது பெட்டி கட்டிக்கொண்டிருந்தால், இதை அங்கே போய்ச் சொல்லுங்கள்.