நூலுக்கு ஈரச்சாக்கு

கல்யாணமாகி இரண்டு வருடம் வரை அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தேன். காலநிலை மாற்றம் பாடம் முடிந்ததும் வைத்த தேர்வில், 'பசுமை இல்ல விளைவு என்றால் என்ன?' என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: 'நம் ஊரில் பசுமை இல்லை. அதனால் ஏற்படும் விளைவே பசுமை இல்ல விளைவு ஆகும்.'

ஆசிரியர் அறையில் அதைப் படித்துக் காட்டிச் சிரித்தோம். இல்லம் என்றால் வீடு. அவள் அதைப் பேச்சுவழக்கின் 'இல்ல' என்று படித்துவிட்டாள். சிவப்பு மையால் அடித்தேன்.

மறுநாள் விளக்கினேன். குளிர்நாடுகளில் கண்ணாடியால் வீடு கட்டி அதற்குள் செடி வளர்ப்பார்கள், வெளிச்சம் உள்ளே வரும், சூடு வெளியே போகாது என்றேன்.

"செடிக்கு எதுக்கு மிஸ் சூடு?" என்றது கடைசி பெஞ்சு.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வேறென்ன கேட்கும்? "மத்தியானம் பஸ் ஸ்டாண்டுல ஜன்னலெல்லாம் சாத்தி நிப்பாட்டுன பஸ்ஸுல ஏறியிருக்கீங்களா?" என்று கேட்டேன். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அந்த பஸ்தான் பூமி, நிலக்கரியும் டீசலும் எரிந்து வரும் வாயுதான் சாத்திய ஜன்னல், சூட்டை வெளியே விடாது என்றேன்.

"அப்ப ஜன்னலத் திறந்தா போதும்ல மிஸ்?"

அதைப் பற்றித்தான் எல்லா நாட்டுக்காரர்களும் வருடாவருடம் கூடிப் பேசுகிறார்கள் என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிட்டேன்.

மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். விட்டிருக்க வேண்டாமோ என்று அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. பிள்ளைக்கு ஒரு வயது ஆனதும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள் வீட்டில். சரி என்றேன்.

எங்கள் வீடு பாளையம்பட்டி ஓரத்தில் இருக்கிறது. முன்பக்கம் நான்கு விசைத்தறி ஓடும் கூடம். பின்பக்கம் இரண்டு அறை. மேலே முழுக்க சிமெண்ட் சீட்டு. என் மாமனார் திருச்சுழிக்கு அந்தப் பக்கம் மானாவாரி விவசாயம் பார்த்தவர். மழை வரும் என்று விதைத்து, வராமல் விதை மண்ணுக்குள்ளேயே கருகிப்போனது அடுத்தடுத்து இரண்டு முறை நடந்தபின், இங்கே வந்து தறி போட்டார். காடு இன்னும் இருக்கிறது. மக்காச்சோளம் போடுகிறோம். காப்பீடும் செய்கிறோம். காப்பீட்டுக்காரர்கள் கணக்குப் பார்க்கும் மழைமானி இருக்கும் இடத்தில் பெய்த மழை எங்கள் காட்டில் பெய்யாத வருடங்களும் உண்டு.

தறிக்கூடத்துக்கு ஒரு சட்டம் உண்டு. சித்திரை பிறந்துவிட்டால் ஜன்னல் திறக்கக் கூடாது. வறட்டுக் காற்று பட்டால் தறியில் ஏற்றிய பாவு நூல் முறுகி, இழை இழையாக அறுந்துபோகும். அதனால் ஜன்னலைச் சாத்தி, சாக்கை நனைத்து அதன்மேல் தொங்கவிடுவார்கள். தரையில் தண்ணீர் தெளிப்பார்கள். கூடத்துக்குள் கால் வைத்தால் ஈர மண் வாசனை வரும். அந்த வாசனை பின்னறைக்கு வராது. பின்னறையில் நானும் மகளும் இருந்தோம். நடுவில் இருக்கும் கதவையும் பஞ்சுத் தூசி வரும் என்று சாத்தி வைத்திருந்தோம்.

ஈரமே பிள்ளை பக்கம் வரக்கூடாது என்பது என் மாமியாரின் சட்டம். "சீதளம் பிடிச்சிரும் தாயி" என்பார். ஏழு மாதப் பிள்ளையின் தலையில் கம்பளிக் குல்லா எப்போதும் இருக்க வேண்டும். காதை மூடியிருக்க வேண்டும். அவருக்கு முதலில் பிறந்த பிள்ளை ஓர் ஐப்பசி அடைமழையில் மார்ச்சளி பிடித்து இறந்துபோனது. அதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார், அதுவும் உளுந்து புடைத்துக்கொண்டே. அதற்குப் பிறகு குல்லாவைக் கழற்ற எனக்குக் கை வரவில்லை. அத்தையின் பயம் மழை பெய்த காலத்துப் பயம். அதை எதிர்த்துச் சொல்ல என்னிடம் ஒரு பாடப்புத்தகம்தான் இருந்தது.

அக்கினி நட்சத்திரம் தொடங்குவதற்கு முன்பே இந்த வருடம் வெக்கை வந்துவிட்டது. தெருவில் ஓர் ஆட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தது. பகல் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை பொதுமக்கள் வெளியே வர வேண்டாம், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். நல்ல அறிவிப்பு. நானே வகுப்பில் இதைச் சொல்லியிருப்பேன். அதன்படியே நடந்தேன். பன்னிரண்டு மணிக்குப் பின்னறைக் கதவைச் சாத்தி, மகளை மடியில் போட்டு உட்கார்ந்துகொள்வேன். மின்விசிறி அடுப்பு வாயில் ஊதுவதைப் போல ஊதும். சீட்டைத் தொட எட்டாது, ஆனால் அது தலைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கண்ணை மூடினாலும் தெரியும். சாயங்காலம் வெளியே காற்று ஆறிய பிறகும் அறை ஆறாது.

எத்தனை தடவை எழுந்து ஜன்னலருகே போயிருப்பேன்! பின்னறையில் இருந்த ஒரே ஜன்னல் வெயில் விழும் மேற்குச் சுவரில். திறந்தால் அனல். காற்றோட்டம் வேண்டுமென்றால் நடுக்கதவையும் தறிக்கூடத்து ஜன்னல் ஒன்றையும் சேர்த்துத் திறக்க வேண்டும். ஒருநாள் மாமா சாப்பிடப் போன நேரத்தில் திறந்துவிட்டேன். கால் மணி நேரம் கூட இருக்காது. அறைக்குள் நிஜமாகவே காற்று வந்தது, மகள் கையை ஆட்டிச் சிரித்தாள். பிறகு முதல் தறி நின்றது. அடுத்து இரண்டாவது.

மாமா வந்து ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே, "யாரு திறந்தது?" என்றார்.

"நான்தான் மாமா. பிள்ளைக்குப் புழுக்கமா இருந்துச்சு."

"பிள்ளைக்குப் புழுக்கம்னா விசிறிவிடு. நூலு சொல்பேச்சு கேக்காதும்மா."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதற்குப் பிறகு நான் அந்த ஜன்னலைத் தொடவில்லை.

நான்கு நாள் கழித்து நடந்தது இது. என் வீட்டுக்காரர் காப்பீட்டுக் காகிதங்களை எடுத்துக்கொண்டு காலையிலேயே திருச்சுழிக்குப் போயிருந்தார். பதினோரு மணிக்கு மகளின் உடம்பு சுட்டது. காய்ச்சல் என்று நினைத்தேன். வீட்டிலிருந்த சொட்டு மருந்தைக் கொடுத்தேன். காய்ச்சலுக்குக் காற்று ஆகாது என்று அத்தை சொல்ல, நானே இன்னொரு துணியைச் சுற்றினேன். பன்னிரண்டரைக்கு அவள் பால் குடிக்க வாயைத் திறக்கவில்லை. அழவும் இல்லை. அழாததுதான் என்னைப் பயமுறுத்தியது. இடுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு மாற்றிய துணி. காய்ந்திருந்தது. உச்சிக்குழி உள்வாங்கியிருந்தது.

வெளியே ஆட்டோ போய்க்கொண்டிருந்தது: வீட்டுக்குள்ளேயே இருங்கள்.

என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "ஏங்க, பிள்ள துவண்டு கெடக்கா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகவா, மூணு மணி வரைக்கும் பாக்கவா?"

"என்னையக் கேட்டுக்கிட்டு நிக்கிற? கெளம்பு! நான் பஸ் ஏறிட்டு வாரேன்."

கேட்டிருக்கவே வேண்டாம். எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டே செய்து பழகியதால் அந்த இரண்டு நிமிடமும் போயிற்று.

அத்தை செருப்பு போட மறந்து என் பின்னால் ஓடி வந்தார். பஸ் நிறுத்தத்தில் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். டவுன் பஸ் வந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்ததும், "ஏம்மா, இந்த வெயில்ல கைப்பிள்ளையத் தூக்கிட்டு எங்கிட்டு? மைக்குல கத்திக்கிட்டுப் போறாகளே, கேக்கலையா?" என்றார்.

"ஆஸ்பத்திரிக்குண்ணே."

"அந்தா ஜன்னல் சீட்டு. ஏலே, எந்திரிச்சு வழி விடுப்பா!"

உட்கார்ந்தேன். பழக்கத்தில் முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் மூடியதை விலக்கி, "காத்து படட்டும்த்தா" என்றார். என் தோளுக்கு மேல் அத்தையின் கை நீண்டு வந்தது, திரும்ப மூடுவதற்கு. பாதியில் நின்றது. திறந்த ஜன்னலில் அடித்த காற்றும் சூடான காற்றுதான். ஆனாலும் மகள் கண்ணைத் திறந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணிகளை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

"குல்லா யாரு போட்டது?"

"நான்தான் சிஸ்டர்."

"அவ இல்லம்மா. நாந்தேன் போடச் சொன்னேன்" என்றார் அத்தை.

"காச்சலு இல்ல இது. வெக்கை. உடம்புல தண்ணி வத்திப்போச்சு. வெயில்ல எங்கயும் தூக்கிட்டு அலைஞ்சீகளா?"

"இல்ல சிஸ்டர். வெளியே கொண்டு போகவே இல்ல. வீட்டுக்குள்ளயேதான் வச்சிருந்தேன்."

"என்ன வீடு?"

"சீட்டு வீடு."

"அப்ப அது வீடு இல்ல" என்றார் நர்ஸ், ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே.

டாக்டர் பார்த்தார். நல்லவேளை, சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றார். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டியால் சொட்டுச் சொட்டாக ஊட்டச் சொன்னார்கள். பெஞ்சில் உட்கார்ந்து ஊட்டினேன். வீடு இல்ல, பசுமை இல்ல. அந்த மாணவியின் விடைத்தாள் நினைவுக்கு வந்தது. அவளுக்கு நான் பாடப்புத்தகப்படி சரியாகத்தான் திருத்தியிருந்தேன். ஆனால் வெளிச்சம் உள்ளே வந்து சூடு வெளியே போகாத இடம் எப்படி இருக்கும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டிய நான், அப்படிப்பட்ட ஓர் அறைக்குள் என் பிள்ளையை வைத்து, கம்பளியும் சுற்றி, கதவையும் சாத்தியிருந்தேன். அவள் எழுதியதைப் படித்துச் சிரித்ததை நினைத்தபோது முகம் சுட்டது.

ஐந்து மணிக்கு மடி ஈரமாயிற்று. "நனைச்சிட்டா! நனைச்சிட்டா!" என்று அத்தை ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அதற்குள் வந்து சேர்ந்திருந்த என் வீட்டுக்காரர், பரீட்சையில் பிள்ளை பாஸானதைப் போல நர்ஸைப் பார்த்துச் சிரித்தார்.

பொழுது சாயும் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டோம். தறிக்கூடத்து வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அத்தை நடுவில் நின்றுவிட்டார். ஜன்னலில் சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது. வெறுங்காலால் ஈரத்தரையை ஒருமுறை தேய்த்துப் பார்த்தார்.

"இங்கன எம்புட்டுக் குளுச்சியா இருக்கு" என்றார் மாமாவிடம். "நூலுக்கு நேரத்துக்கு நேரம் சாக்கு நனைக்கீக. நான் பிள்ளைக்கு உல்லன் மாட்டி விட்டுருக்கேன்."

மறுநாள் தறிக்கூடத்து உத்தரத்தில் கயிறு கட்டிச் சேலைத் தொட்டில் தொங்கியது. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை நான்கு தறியும் நிற்கும் என்றார் மாமா. அவராகவே சொன்னார், நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் சுண்ணாம்பு கரைத்து சீட்டின்மேல் அடித்தார். பள்ளிக்கூடக் கூரைகளுக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கிறார்கள் என்று நான்தான் செய்தியில் படித்துச் சொன்னேன். எங்களைப் போன்ற வீடுகளுக்கு அது எப்போது வரும் என்று தெரியவில்லை.

"உலகத்துச் சூட்டக் குறைக்க உங்க மருமக என்னையக் கூரையில ஏத்தி விட்டுருக்கா!" என்று மேலேயிருந்து கத்தினார்.

"உலகம் கெடக்கட்டும், சீட்ட மிதிச்சு உடைச்சிறாத" என்றார் அத்தை கீழேயிருந்து.

பின்னறையில் கொஞ்சம் வெக்கை குறைந்தது. கொஞ்சம்தான். பன்னிரண்டு மணிக்கு நடுக்கதவைத் தாண்டித் தறிக்கூடத்துக்குப் போய்விடுவோம். ஜன்னல்கள் சாத்தியேதான் இருக்கின்றன. சாக்கு ஈரத்தில் அரை இருட்டாக இருக்கும். மகள் என் வயிற்றில் இருந்தபோதிலிருந்தே தறிச் சத்தத்தில் தூங்கியவள். தறி நின்றதும் விழித்துக்கொள்கிறாள். ஓடும்வரை தூக்கம், குளிர்ச்சியான மூன்று மணி நேரமும் விளையாட்டு. அடுத்த சித்திரைக்கு அவள் நடப்பாள். அப்போது அவளை எந்த அறையில் பூட்டி வைப்பது, அதற்கடுத்த சித்திரைக்கு எங்கே என்று யோசித்துக்கொண்டு தொட்டிலை ஆட்டுவேன்.

தறி நின்ற பிறகும் பஞ்சு காற்றில் மிதந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடங்கும். அது அவள் புருவத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். வெக்கையிலிருந்து தூக்கிவந்து தூசிக்குள் போட்டிருக்கிறேனோ என்று அந்தத் துணியைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும். டாக்டரிடம் கேட்டேன். இரண்டில் இப்போதைக்கு வெக்கைதான் ஆபத்து என்றார். இப்போதைக்கு என்ற சொல்லை வீடு வரை சுமந்து வந்தேன்.

நேற்று தொட்டிலுக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது. மூலையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அத்தை சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இருவரும் அடுத்த தும்மல் வருகிறதா என்று காத்திருந்தோம்.