பழவேற்காட்டில் எனக்கு வேலையில்லாத ஒரு மணி நேரம்

காலை 6.50. மீஞ்சூரில் ஐந்து ரூபாய் டிக்கெட் எடுத்து கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினேன். சென்னையிலிருந்தே வந்த அமுதா ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தாள். அமுதா கல்லூரியில் சமூகவியல் பேராசிரியர். பிறவியிலேயே காது கேளாதவள். பன்னிரண்டு வருடமாக நான் அவளுடைய சைகை மொழிபெயர்ப்பாளர். என் மணிக்கட்டு வலிக்கு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், இனிமேல் இந்த வேலை வேண்டாம் என்று. ஆக, இது நாங்கள் சேர்ந்து போகும் கடைசிப் பயணம்.

பொன்னேரி வரைக்கும் பழைய கதைதான். அவள் எம்.ஏ. படித்தபோது ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தே பேசுவார். முதல் பெஞ்சுக்கு எதிரே நின்று நான் கையால் பாடம் நடத்துவேன். ‘பொதுச்சொத்து’ என்பதற்குப் பொருத்தமான சைகை தெரியாமல், கேன்டீனில் எலுமிச்சை சாதம் ஆறிப்போக, நாங்களே ஒன்றை உருவாக்கினோம். அந்த நாள் திரும்பி வருமா? அந்தச் சைகையை இப்போதும் செய்து காட்டிச் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் அவள் கைகள் சொல்லின: “அக்கா, போன தடவை மாதிரியே ஆச்சுன்னா இந்த ஆய்வை விட்டுடறேன்.”

8.10. பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கு பஸ், பதினெட்டு கிலோமீட்டர். போன தடவை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் தீவில் கையாலேயே இறால் பிடிக்கும் பெண்களைப் பற்றி எழுத அமுதாவுக்கு ஆசை. எங்கள் தொழிலில் அவள் சொல்வதை ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அப்படியே “எனக்குக் காது கேக்காதுங்க” என்றேன். அந்தப் பெண்களில் மூத்தவளான கன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“இன்னா யக்கா கதை உடுற? இப்பத்தானே நான் கேட்டதுக்குப் பதில் சொன்ன!”

எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் பேச்செல்லாம் என் முகத்தைப் பார்த்துத்தான். அமுதா அழைக்காத விருந்தாளி போல உட்கார்ந்திருந்தாள்.

9.20. பாலம் வேலை இன்னும் முடியவில்லை. படகுதான், தலைக்குப் பத்து ரூபாய்.

“அந்தம்மா பேசமாட்டாங்களா?” என்று படகுக்காரர் என்னைக் கேட்டார்.

“பேசுவாங்கண்ணே. அவங்களையே பாத்துக் கேளுங்க.”

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டார்.

10.00. “வாக்கா,” என்றாள் கன்னியம்மா என்னிடம். “அந்தப் பொண்ணு டீ குடிக்குமான்னு கேளு.” அமுதாவின் முகம் சுண்டிவிட்டது. டீயும் வரவில்லை. “தண்ணி வத்திக்கினு கீது, இறால் புடிக்கிற நேரத்துல இன்னா பேச்சு?” என்று கன்னியம்மா மூன்று பெண்களோடு ஏரியில் இறங்கிவிட்டாள். அமுதா செருப்பையும் போனையும் என் கையில் திணித்துவிட்டு அவர்கள் பின்னாலேயே இறங்கினாள். ஐயோ!

“பாத்துமா, ஆழம்! அமுதா!” என்று கரையிலிருந்து கத்தினேன். பன்னிரண்டு வருட அனுபவம்! யாரிடம் கத்துகிறேன் என்றுகூட உறைக்கவில்லை.

அவர்களும் பதில் கத்தவில்லை. பிடித்த இறாலைப் போடும் ஓலைக்கூடைக்குப் பறி என்று பெயர். அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். வாய் திறந்தால் பிடித்ததெல்லாம் போச்சு. அதனால் பேச்சு புருவத்திலும், நொடிக்கு ஒருமுறை வெளியே வரும் ஒரு கையிலும்தான். இங்கே சிப்பி, கால் வைக்காதே. அங்கே இருக்கிறது, மெதுவாக. அமுதா ஏதோ கையால் கேட்டாள். கன்னியம்மா தாடையால் திசை காட்டினாள். கொஞ்ச நேரத்தில் நடுவில் நின்று எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் அமுதாதான். எனக்குப் பெருமையாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

11.15. கரையேறிப் பறியை இறக்கிய பிறகும் கன்னியம்மா வாயைத் திறக்கவில்லை. அமுதாவின் முகத்தைப் பார்த்துக் கையால் நீளமாக ஏதோ சொன்னாள். அமுதா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“என்னடி சொல்றாங்க?” என்று சைகையில் கேட்டேன்.

அமுதா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு மொழிபெயர்த்தாள்: “நாளைக்கும் வரச் சொல்றாங்க. மாசம் முழுக்க வந்தாலும் சரியாம். ஆனா உங்களைக் கூட்டிட்டு வர வேண்டாமாம். கத்திக் கத்தி இறாலையெல்லாம் ஓட்டிட்டீங்களாம்.”

ஒரு சொல் குறைக்கவில்லை, ஒரு சொல் இனிப்பாக்கவில்லை. நல்ல மொழிபெயர்ப்பாளர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுடைய செருப்பை அவளிடம் கொடுத்தேன்.