எட்டு நாள் எழுத்தும் ஒரு கார்டும்

வாப்பாவின் கணினியைப் போட்டால் முதலில் சூடேறிய தூசி வாடை வரும். பிறகு பக்கத்துப் பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் கொசுபோல ரீங்கரிக்கத் தொடங்கி, வரவரச் சத்தம் கூடி, கேலாங் ஈஸ்டில் நாங்கள் இருந்த மூவறை வீடு முழுக்கக் கேட்கும். உம்மா சமையலறையிலிருந்தே "ஆரம்பிச்சுட்டாரு" என்பார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது, வீட்டில் ஒரே பிள்ளை.

துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த வாப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்த காலம் அது. மற்ற நேரமெல்லாம் கணினிதான். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டே இருப்பார். என்ன எழுதுகிறார் என்று கேட்டால், "முடிச்சதும் படிக்கலாம், இப்ப எட்டிப் பாக்காதே" என்று சீறுவார். பிளாப்பி டிஸ்குகளில் சிங்கப்பூர் ஈரக்காற்றுக்குப் பூஞ்சை பிடித்து, எழுதியதில் பாதி போயே போய்விட்டது. ஹார்ட் டிஸ்க் மாட்டலாம் என்றால் அந்தக் கணினியில் கார்டு செருக ஒரு "ஸ்லாட்"கூடக் கிடையாது. மனிதர் விடுவாரா? தேக்கா சந்தைக்கு இறைச்சி வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, சுங்கை ரோடு பழைய சாமான் சந்தைக்குள் புகுந்து, ஸ்லாட்டுகள் வைத்த தனிப் பெட்டியொன்று, டிஸ்கை ஓட்டும் கன்ட்ரோலர் கார்டு, செங்கல் கனத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க் என்று சுமந்துகொண்டு வந்தார். இறைச்சி வரவில்லை.

கார்டைச் செருகி, பட்டை ஒயரை மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி, சாப்பாட்டு மேசை மூன்று நாள் அவர் வசம். நாங்கள் தரையில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். மூன்றாம் நாள் மதியம் டிஸ்க் ஓடியது. "இனி ஒரு எழுத்தும் அழியாது" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, சிகிச்சைக்குப் போகாமல் தட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்துப் பொறுமையிழந்த உம்மா, "இந்தப் பெட்டியையே கட்டிக்கிட்டு மௌத்தாப் போங்க!" என்று கத்திவிட்டார். அதன்பின் வாப்பா எட்டு நாள் உம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை, எழுதிக்கொண்டே இருந்தார். ஒன்பதாம் நாள் காலை நாற்காலியிலேயே உயிர் போய்விட்டது.

"என் மேல கோவமாப் போனாரா, மன்னிச்சுட்டுப் போனாரா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும்" என்று உம்மா அழுது தீர்த்தார். பதில் அந்த டிஸ்கில் இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் கணினியைப் போடப் போனபோது உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தச் சத்தத்தைக் கேட்டா எனக்குத் தாங்காதும்மா. தைரியம் வரட்டும், அப்புறம் பாக்கலாம்." உள்ளபடி சொன்னால், எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மௌத்தானவரின் சாமான்களை நாற்பதாம் நாளுக்குள் கொடுத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். "கொடுத்தாத்தான் அவருக்கு நன்மை சேரும்" என்று சட்டை, கைலி, கடிகாரம் எல்லாவற்றையும் உம்மா ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். கணினி, பள்ளிவாசலில் எனக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதின் பிள்ளைகளுக்கு என்று முடிவானது. எழுத்தெல்லாம் டிஸ்கில்தானே இருக்கிறது என்று, பெரிய கெட்டிக்காரிபோல, ஸ்க்ரூவைக் கழற்றி டிஸ்கை மட்டும் எடுத்துத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். கார்டோடு அந்தப் பெட்டியை என் கையாலேயே தூக்கிக் கொடுத்தேன்.

உம்மாவுக்குத் தைரியம் வர முப்பது வருடம் ஆயிற்று. எண்பதை நெருங்கியபோது ஒருநாள், "நானும் போறதுக்குள்ள படிச்சுச் சொல்லிடு" என்றார். பழைய டிஸ்குகளைப் படித்துத் தரும் ஓர் இளைஞரிடம் கொண்டுபோனேன். இரண்டு மாதம் என்னென்னவோ செய்து பார்த்தவர் கூப்பிட்டார்.

"அக்கா, டிஸ்க் நல்லாத்தான் சுத்துது. ஆனா இந்தப் பழைய டிஸ்கெல்லாம் எந்தக் கார்டு எழுதுச்சோ அந்தக் கார்டு வச்சுத்தான் படிக்கணும் லா. வேற கார்டு போட்டா வெறும் குப்பைதான் வருது. அந்தக் கார்டு எங்க?"

அட பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு உஸ்தாதின் மகனைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். எப்போதோ தூக்கிப் போட்டாயிற்றாம்.

வீட்டுக்கு வந்து, "படிக்க முடியலை உம்மா" என்றேன். உம்மா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"முடியலையா? இல்ல, படிச்சுட்டுச் சொல்ல மனசு வரலையா?"

கார்டு, டிஸ்க், கொடுத்துவிட்ட பெட்டி என்று நான் எவ்வளவோ விளக்கினேன், அல்லாஹ்மீது ஆணையிட்டேன். உம்மா என் கையைத் தட்டிக்கொடுத்தார். "விடும்மா. என்னைக் காப்பாத்தப் பாக்குறே. எனக்குப் புரிஞ்சுபோச்சு." அதன்பின் அவர் கேட்கவே இல்லை.

சுங்கை ரோடு சந்தையை மூடி வருடங்கள் ஆகிவிட்டன. நாங்கள் இருந்த அடுக்குமாடி புளோக்கும் இப்போது இல்லை. போன நோன்புக்கு முன் உம்மாவும் மௌத்தாகிவிட்டார். வாப்பா கோபத்தோடுதான் போனார் என்றே நம்பிக்கொண்டு போனார், அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.